தேதி எழுதாத சிலை

உன்வானாவுக்குச் செத்தவர்களிடம் ஒருநாளும் பயம் இருந்ததில்லை. அவர்களுக்குச் சிலை கேட்டு வருகிற சொந்தக்காரர்கள்தான் சமயத்தில் அவளைப் பயமுறுத்துவார்கள்.

இகோட் எக்பேனேயிலிருந்து ஆபா போகிற சாலையில், பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் வருகிற தகரக் கொட்டகை அவளுடையது. கொட்டகைக்கு முன்னால் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கும் தையல்காரி, கையில் சாக்பீஸோடு கணக்கு வாத்தியார், கள் இறக்கும் கயிற்றைத் தோளில் போட்ட கிழவர், காதில் போனை வைத்துக்கொண்டு யாரையோ அதட்டும் சிமெண்ட் மூட்டை வியாபாரி. எல்லாரும் ஆள் உயரம். எல்லாரும் சிமெண்ட். மேலே பளபளவென்று எனாமல் பெயிண்ட். அந்தச் சாலைக்குப் புதிதாக வருகிற லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி இவர்களிடம் வழி கேட்டுவிட்டு, பதில் வராமல் விழிப்பதுண்டு. உன்வானா உள்ளே உட்கார்ந்தபடி சிரித்துக்கொள்வாள்.

கல்யாணத்துக்கு முன்னால் முடிவெட்டும் கடைகளுக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தவள் அவள். லாரிகளின் முதுகில் சிங்கம், ஏசு, கால்பந்துக்காரர்கள் எல்லாம் வரைவாள். புருஷன் அனியேக்கான் வீடு கட்டும் இடங்களில் கம்பி கட்டுகிறவன். தெருவில் பயற்று வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி இறந்தபோது அவள் பிள்ளைகள் வந்து, "பலகையில ஆள் வரையறியே, எங்கம்மா கல்லறை மேல உக்கார ஓர் ஆளைச் செஞ்சு குடேன்" என்றார்கள். அனியேக்கான் கம்பியில் எலும்புக்கூடு கட்டினான். அவள் சாந்து பூசிச் சதை வைத்தாள். கழுத்து தடித்துவிட்டது, மூக்கு சப்பை. ஆனால் எண்ணெய்ச் சட்டிக்கு மேல் கரண்டி பிடித்த அந்தக் கை சரியாக வந்திருந்தது. பிள்ளைகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதற்கப்புறம் வேறு வேலை தேட வேண்டியிருக்கவில்லை.

முன்னெல்லாம் இந்தப் பக்கத்தில் செத்தவருக்குத் துணி வீடு கட்டுவார்கள். சிவப்பும் கறுப்புமாகத் துணியை வெட்டித் தைத்து, அவர் வேட்டையாடினது, கள் குடித்தது, பெண்டாட்டிகளோடு உட்கார்ந்தது எல்லாவற்றையும் அதில் காட்டுவார்கள். மழையில் அது நைந்து போகும். "இப்போ சிமெண்ட். நையாது. அவ்ளோதான் வித்தியாசம்" என்பாள் உன்வானா.

சிலை கேட்டு வருகிற குடும்பத்தைப் பெஞ்சில் உட்கார வைத்து அவள் முதலில் கேள்வி கேட்பாள். தொப்பியை நேராக வைப்பாரா, சாய்த்து வைப்பாரா? கோபம் வந்தால் எந்தக் கையை நீட்டுவார்? வெற்று மேலோடு திரிவாரா, சட்டையில் மேல் பட்டன் வரை போடுவாரா? அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். அழுகையும் வரும், சிரிப்பும் வரும். அந்தச் சண்டையிலிருந்துதான் அவளுக்கு ஆள் கிடைப்பான்.

இமோ தனியாக வந்தான்.

வடக்கிலிருந்து புழுதிக்காற்று வீசத் தொடங்கியிருந்த சமயம். பத்தடி தூரத்தில் நிற்கிற மரமே மங்கலாகத் தெரிந்தது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு வெள்ளை பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியவனுக்கு ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மணிக்கட்டில் தங்க நிறக் கடிகாரம். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னான். இகோட் உசோ கிராமத்தில் தேவாலயத்துக்கு மூப்பன் என்றும், ஆற்று மணல் சப்ளை செய்கிறவன் என்றும் சொல்லிக்கொண்டான்.

"யாருக்கு எத்தே?" என்று அவள் மரியாதையாகக் கேட்டாள். அந்தப் பக்கத்தில் ஐயா என்பதற்கு எத்தே என்பார்கள்.

"எங்க அண்ணனுக்கு. பேரு உகேமே. கேமரூன் பக்கம் படகுல போனாரு. கவுந்துடுச்சு. உடம்புகூடக் கிடைக்கல."

"ஐயோ. எப்போ நடந்துச்சு?"

"கொஞ்ச நாள் முன்னாடி."

"பீடத்துல தேதி எழுதணுமே."

"அதை அப்புறம் சொல்றேன் மா. இடம் மட்டும் விட்டுடுங்க."

தேதியை மறந்துவிட்டு வந்த குடும்பத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. வேறு எது மறந்தாலும் அதுதான் முதலில் வரும். இருந்தாலும், உடம்பு கிடைக்காத சாவில் யார் என்ன நாளைச் சொல்ல முடியும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"கையில என்ன வைக்கட்டும்? என்ன வேலை பாத்தாரு?"

இமோ யோசித்தான். "ஒண்ணும் வேண்டாம். கை சும்மா இருக்கட்டும்."

"ரேடியோ, குடை, பைபிள்... எதுவும் பிடிக்காதா?"

"சும்மா இருக்கட்டும்னு சொன்னேனே மா."

"சிரிப்பாரா?"

அப்போதுதான் அவன் முகம் கொஞ்சம் அசைந்தது. "சிரிப்பாரு. ரொம்பச் சிரிப்பாரு. அதை வெக்காதீங்க."

ஒரு போட்டோவைக் கொடுத்தான். கவிழ்த்துப்போட்ட படகின்மேல் தடித்த ஆள் ஒருவன் உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவரைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். ஆனால் தோளில் கிடந்த கையை வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. அந்தக் கை அப்படியே இருந்தது. மணிக்கட்டில் தங்க நிறக் கடிகாரம்.

வண்டி போனதும் அனியேக்கான் கம்பியை வளைத்தபடி சொன்னான்: "கூடப் பொறந்தவன் என்ன வேலை பாத்தான்னுகூடச் சொல்லத் தெரியல. என்ன மனுஷன் இவன்?"

"ஒட்டு உறவு இல்லாம இருந்திருப்பாங்க."

"ஒட்டு உறவு இல்லாதவனுக்கு எவனாவது சிலை வைப்பானா, ஊத்திபே அம்மா?"

ஊத்திபே அவர்களுடைய ஒரே மகள். கலபாரில் நர்சிங் படிக்கிறாள்.

வேலை நடந்தது. போட்டோவைக் கம்பியில் குத்தி வைத்துக்கொண்டு உன்வானா முகத்தைச் செய்தாள். உகேமேயின் இடது காது வேடிக்கையானது. நுனி உள்பக்கமாக மடிந்து, வெயிலில் வாடின இலை மாதிரி இருக்கும். புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. அந்தக் காதை மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கலைத்துச் செய்தாள். பூச்சு வெடிக்காமல் இருக்க, முடிந்த உடம்பின்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி வைத்தாள். வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் இந்தச் சிலை சாக்குக்குள் நிற்கும்போது மட்டும் அவளுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு வறட்சிக் காலத்திலும் அவள் கடலோரத்து ஓரோனுக்குப் போய் வருஷத்துக்கு வேண்டிய காய்ந்த இறாலும் புகை போட்ட மீனும் வாங்கி வருவாள். அந்த வாரமும் போனாள். படகுத் துறையில் மூட்டையைக் கட்டி முடித்துவிட்டு, நிழலுக்காக ஒதுங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கரையில் ஒரு தடித்த ஆள் படகு எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். முகம் தெரியவில்லை. இடது காது மட்டும் தெரிந்தது.

அவள் விரல்களுக்கு அந்தக் காதைத் தெரியும்.

கிட்டப் போனாள். அவன் நிமிர்ந்தான். புருவத்தில் தழும்பு.

"நீங்க... உகேமேயா?"

"யாரு கேக்கறது? சர்ச்சுக்குக் கூப்பிட வந்திருந்தா நான் உகேமே இல்ல."

"இகோட் உசோ உகேமே?"

"அது நாந்தான். என்ன மா, பேயைப் பாத்த மாதிரி நிக்கற?"

அவள் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.  அவன் தண்ணீர்ப் பாக்கெட் ஒன்றைக் கடித்துத் திறந்து கொடுத்தான். அதைக் குடித்துவிட்டு, தான் யார், என்ன தொழில், யார் வந்தது, என்ன சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள்.

உகேமே சிரித்தான். தொப்பை குலுங்கச் சிரித்தான். "எனக்கா? சிலையா? டேய், இங்க வாங்கடா, எனக்குச் சிலை வெக்கறாங்களாம்." பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தொப்பையைக் கொஞ்சம் குறைச்சு வெச்சியா மா?"

"போட்டோவுல இருக்கற மாதிரி வெச்சேன்."

"அட, பாவி. எந்த போட்டோ?"

"கவுத்துப்போட்ட படகு மேல உக்காந்திருக்கீங்க. தோள்ல ஒரு கை."

சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த திருகாணியை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"போன மாசம் எடுத்தது. அப்பா போனதுக்கப்புறம் அவன் என்கிட்டப் பேசினதே இல்ல. திடீர்னு வந்தான். ரொட்டி, மால்ட் பாட்டில் எல்லாம் வாங்கிட்டு வந்தான். என் தோள் மேல கையைப் போட்டுக்கிட்டு அழுதான் மா. நிஜமா அழுதான். புது ரோடு அப்பா நிலத்து வழியாப் போகுதாம், நிலத்துக்குப் பணம் வருமாம். உக்காந்து பேசி முடிச்சுக்கலாம், சனிக்கிழமை வா, காரு அனுப்பறேன்னான்."

"எந்தச் சனிக்கிழமை?"

"வர்ற சனிக்கிழமை."

வெள்ளிக்கிழமை வந்து சிலையை எடுத்துக்கொள்கிறேன் என்று இமோ அவளிடம் சொல்லியிருந்தான். அவள் அதைச் சொன்னாள். அலை வந்து படகுகளின் வயிற்றில் தட்டிவிட்டுப் போனது.

"தனியா வான்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

அவன் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான்.

"போகாதீங்க."

"அவன் என் தம்பி மா. காய்ச்சல்ல விழுந்தப்போ அவனை நான்தான் தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்."

"இப்போ அவர் உங்களைத் தூக்கப் பாக்கறாரு."

உகேமே அவளை முறைத்தான். பிறகு குனிந்து எஞ்சினுக்குள் கையை விட்டான். "நீ கெட்டவ இல்ல. தெரியுது. ஆனா ஊர்ல ஆயிரம் பேச்சு இருக்கும். உடம்பு சரியில்லாதவன் மாதிரி ஏதோ உளறியிருப்பான்" என்றான். அவள் கேட்டதற்குப் போன் நம்பரை மட்டும் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து அனியேக்கானிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த, மரவள்ளி மாவில் கிண்டிய கர்ரி உருண்டை கையிலேயே இருந்தது.

"போலீசுக்குப் போலாமா?" என்றாள்.

"போய் என்ன சொல்லுவ? அண்ணனுக்குச் சிலை செய்யச் சொன்னாருன்னா? இந்தப் பக்கத்துப் பெரிய மனுஷனுங்க பாதிப் பேரு உயிரோட இருக்கும்போதே தங்களுக்குச் சிலை செஞ்சு வெச்சிருக்கானுங்க. சிரிப்பாங்க."

"அப்போ சும்மா இருக்கச் சொல்றியா?"

"சும்மா இருன்னு சொல்லல. என்ன செய்யறதுன்னு தெரியலன்னு சொல்றேன்."

மறுநாளே வெள்ளை வண்டி வந்தது. இந்தத் தடவை பின்னால் இரண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இறங்கவில்லை. இமோ தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு நேரே சிலையிடம் போனான். ஈரச்சாக்கைத் தானே விலக்கினான். அண்ணன் முகத்தை வெகுநேரம் பார்த்தான். சுட்டுவிரலால் கன்னத்தைத் தொட்டு, விரலில் ஒட்டிய ஈரத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நல்லா வந்திருக்கு. காது அப்படியே இருக்கு."

"போட்டோவைப் பாத்துச் செஞ்சது எத்தே."

"ஓரோன்ல இந்த வருஷம் இறால் எப்படி மா?"

ஓரோன் போனதை அவள் புருஷனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.  "பரவால்ல" என்றாள்.

"அங்க மனுஷங்க ரொம்பப் பேசுவாங்க. கடல் காத்து. ஒண்ணும் வேலை இல்ல." கசப்புக் கோலா விதை ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கடித்தான். "உங்க பொண்ணு கலபார்ல நர்சிங் படிக்குதாமே. நல்ல படிப்பு. ஹாஸ்டல்லேந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகுதாம். நல்லா படிக்கட்டும்."

"சிமெண்ட் இன்னும் சரியாக் காயல. வெள்ளிக்கிழமைக்குத் தர முடியாது போலிருக்கு."

"தருவீங்க மா" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் உடனே மகளுக்குப் போன் செய்து, கொஞ்ச நாள் தோழி வீட்டில் தங்கு, தனியாக நடக்காதே என்றாள். "என்னம்மா ஆச்சு?" என்று ஊத்திபே கேட்டதற்கு, "கனவு கண்டேன்" என்றாள். தாய்மார்கள் கனவு கண்டால் பிள்ளைகள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து சிலையைத் தூக்கினார்கள். இரண்டு ஆட்களும் அதைக் கட்டிப்பிடித்து வண்டியில் சாய்த்தபோது, யாரோ மயக்கம் போட்டவனைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் இருந்தது. ஓர் இடத்தில் உரசி, தோள் பக்கத்தில் பெயிண்ட் பெயர்ந்தது.

"தேதி?" என்று உன்வானா கேட்டாள். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை நீங்களே எங்க வீட்டுக்கு வந்து எழுதிடுங்க. அப்போ சொல்லிடறேன்."

வண்டி புழுதிக்குள் மறைந்தது. அவள் உகேமேயின் நம்பரைப் போட்டாள். மணி அடிக்கவில்லை. கடலில் இருக்கிறானோ என்னவோ. மறுபடி போட்டாள். சனிக்கிழமை விடிந்தும் அதே கதைதான்.

சும்மா இரு என்றும் சொல்லாமல், போகலாம் என்றும் சொல்லாமல் இருந்த அனியேக்கான்தான் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தான். "தோள்ல பெயிண்ட் பெயர்ந்திருக்கே. சரிபண்ணித் தர வேண்டாமா?" என்றான். அவள் பெயிண்ட் டப்பாக்களையும் பிரஷ்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

இகோட் உசோவில் இமோவின் வீடு தேவாலயத்தை ஒட்டி இருந்தது. குடும்பப் பேச்சு நடக்கிற வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும், பெரியவர்கள் இருப்பார்கள், பெண்கள் சமைப்பார்கள். இங்கே ஒருவரும் இல்லை. முற்றம் துடைத்து வைத்த மாதிரி பெருக்கியிருந்தது. சிலை தார்ப்பாய் போர்த்தி, பீடத்தின்மேல் நின்றது. அதற்குப் பின்னால், வீட்டு மறைவில், புதிதாக ஒரு குழி. ஆள் நீளம். உள்பக்கம் சிமெண்ட் கல் வைத்துப் பூசியிருந்தது. மூடுவதற்குப் பலகைக் கல்லும் தயாராகச் சாய்த்து வைத்திருந்தது.

உடம்பு கிடைக்காதவனுக்குக் குழி எதற்கு?

அனியேக்கான் அவள் முழங்கையைத் தொட்டான். அவனும் பார்த்துவிட்டான்.

இமோ திண்ணையிலிருந்து எழுந்து வந்தான். முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றவில்லை. "நாளைக்குத்தானே வரச் சொன்னேன்."

"தோள்ல பெயிண்ட் போயிடுச்சு எத்தே. அப்படியே விட்டா எங்களுக்குக் கெட்ட பேரு."

"இன்னிக்கு வேண்டாம்."

"ரெண்டு இழுப்புதான். முடிச்சிட்டுக் கிளம்பிடறோம்."

அவள் தார்ப்பாயை உருவிவிட்டு, டப்பாவைத் திறந்து, சிலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்துவிட்டவளை இழுத்து வெளியே போட இமோ தயங்கினான். வேலிக்கு அந்தப் பக்கம் தேவாலயத்தில் பெண்கள் பாட்டுப் பயிற்சி செய்யும் சத்தம் கேட்டது. அவள் அனியேக்கானைப் பார்த்து, கொஞ்சம் உரக்கவே, "டர்ப்பன்டைன் மறந்துட்டேன். பக்கத்துல யாருகிட்டயாவது மண்ணெண்ணெய் இருக்கான்னு கேட்டுட்டு வா" என்றாள். கண்ணால் தேவாலயத்தைக் காட்டினாள்.

அவன் போனான். அங்கே போய் அவன் மண்ணெண்ணெய் கேட்டானோ என்னவோ, "உகேமேயோட சிலை வந்திருக்கு, என் பெண்டாட்டி பெயிண்ட் அடிக்கிறா, அவரைத் தெரிஞ்சவங்க வந்து குறை நிறை இருந்தாச் சொல்லுங்க" என்று சொன்னான். அது போதும். சிலையில் குறை சொல்லக் கூப்பிட்டால் வராத மனுஷர் அந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை.

பாட்டு நின்றது. பெண்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் கள் குடித்துக்கொண்டிருந்த கிழவர்கள், சைக்கிள் ரிப்பேர் கடைக்காரன், கிழங்கு உரித்த கத்தியோடு ஒருத்தி. முற்றம் நிறைந்தது.

"மூக்கு இவ்ளோ பெருசா அவனுக்கு?"

"பெருசுதான். மாமரத்துலேந்து விழுந்து வீங்கினது அப்படியே நின்னுடுச்சு."

"சிரிக்காம இருக்கானே. உகேமே சிரிக்காம நின்னு யாரு பாத்தது?"

"செத்தவன் எதுக்குடி சிரிப்பான்?"

"என்ன இமோ, சிலை வந்ததை எங்களுக்குச் சொல்லவே இல்ல. சடங்கு அடுத்த மாசம்னு சொன்னியே."

உன்வானா ஒரே தோளை மூன்றாவது தடவையாகப் பூசிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையைச் சிலையின்மேல் ஊன்றிக்கொண்டாள். இமோ மாமரத்தடிக்குப் போய், அண்ணனை அழைத்துவரும் கார் டிரைவரைப் பிடிக்கப் போனைக் காதில் வைப்பதும், பார்ப்பதும், மறுபடி வைப்பதுமாக இருந்தான். ஓரோனிலிருந்து வருகிற வழியில் ஓடைப் பக்கம் எந்தப் போனுக்கும் சிக்னல் கிடைக்காது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு ஆட்களும் குழிக்குப் பக்கத்தில் நின்று, என்ன செய்யலாம் என்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடும்பத்துக்குத் தலைவரான பெரியவர் உடோஃபியா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். உகேமேயின் அப்பாவுக்குச் சிற்றப்பா முறை. சிலையைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் போய் நின்றார். அங்கேயே நின்றார்.

கார் வந்த சத்தம் கேட்டபோது ஒருவரும் திரும்பவில்லை. கதவு திறந்து உகேமே இறங்கினான். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு கையில் பெரிய மீன், ஓலையில் கட்டியது. தம்பி வீட்டுக்கு வெறுங்கையோடு வர மனசு வரவில்லை போலிருக்கிறது. இவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்காமல் வாசலில் நின்றான்.

முதலில் பார்த்தது கிழங்குக் கத்திக்காரி.  கத்தி கீழே விழுந்தது. பிறகு ஒருத்தர் பின் ஒருத்தராகத் திரும்பினார்கள். சில பெண்கள் வேலியைத் தாண்டி ஓடினார்கள். ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு பின்வாங்கியதில் நடுவே வழி விட்ட மாதிரி ஆயிற்று. அந்த வழியின் ஒரு முனையில் அவன். மறுமுனையில் சிமெண்டில் அவன்.

உகேமே தன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சிலைக்குப் பக்கத்தில் பிரஷோடு உட்கார்ந்திருந்த உன்வானாவைப் பார்த்தான்.  மீனைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவனுக்கு.

பெரியவர்தான் பேசினார். "இமோ, இது யாரு?"

இமோ மாமரத்தடியிலிருந்து மெல்ல நடந்து வந்தான். அண்ணனுக்கு நேர் எதிரே நின்று, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்குத் தெரியாது. எங்க அண்ணன் கடல்ல போயிட்டாரு."

உகேமே சிரித்தான். பழக்கம். கூட ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு போன இடம் தெரியாமல் அவன் உதட்டிலேயே தங்கிவிட்டது. "உன் தொடையில சூடு போட்ட தழும்பு இருக்குல்ல. அது எப்படி வந்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றான் இமோ.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பெரியவர் கம்பால் குழியைக் காட்டினார். "உடம்பு இல்லாதவனுக்கு இதை எதுக்குடா வெட்டின?"

 கூட்டம் இமோவின் ஆட்களைத் தேடியது. அவர்கள் எப்போதோ பின்பக்க வேலி வழியாகப் போய்விட்டிருந்தார்கள். கார் டிரைவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சிலைக்காரியும் அவள் புருஷனும் வீட்டுக்குக் கிளம்பியபோது உகேமே மோட்டார் சைக்கிள் வரை கூட வந்தான்.

"நான்தான் சொன்னேனே" என்றாள் உன்வானா. கோபம்கூட வந்தது அவளுக்கு. "போன் பண்ணிப் பண்ணிப் பாத்தேன். ஏன் வந்தீங்க?"

"நீ சொன்னது பொய்யா இருக்கணும்னுதான் வந்தேன் மா" என்றான் அவன்.

பெரிதாக வழக்கு ஒன்றும் நடக்கவில்லை. போலீஸ் வந்து கேட்டது. தன் வீட்டில் தான் குழி வெட்டினால் அது குற்றமா என்று இமோ கேட்டான். அண்ணன் போனான் என்று யாரோ சொன்னதை நம்பினேன் என்றான். போலீஸ் போய்விட்டது. குடும்பப் பெரியவர்கள் கூடி, ஓர் ஆடும் கள்ளும் தண்டம் வைத்து, நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். குழியை மண் போட்டு மூடினார்கள். சிலையை உடைக்கச் சொன்னபோது யாரும் சுத்தியலைத் தொடவில்லை. உயிரோடிருப்பவன் முகத்தில் எவன் அடிப்பான்? உகேமே, "நிக்கட்டும், எப்படியும் ஒருநாள் தேவைப்படும்" என்று சொல்லிவிட்டு ஓரோனுக்குப் போய்விட்டான். இப்போது தெரியாத ஆள் ஓட்டுகிற படகில் அவன் ஏறுவதில்லை. பிறர் ஊற்றிக் கொடுத்த கள்ளைக் குடிப்பதில்லை. யார் தோளில் கை போட்டாலும் உடம்பை விலக்கிக்கொள்கிறான் என்று இறால் வாங்கப் போனபோது உன்வானா கேள்விப்பட்டாள்.

மழைக்கால ஆரம்பத்தில் ஒருநாள் காலையில் அவள் கொட்டகையைத் திறக்க வந்தபோது, சாலையோரம் நின்ற எல்லாச் சிலைகளுக்கும் தலை இல்லை. வாத்தியார், தையல்காரி, கள் இறக்குகிற கிழவர், எல்லாரும் கழுத்தோடு நின்றார்கள். தலைகள் பள்ளத்தில் கிடந்தன. மழைத் தண்ணீர் அவற்றின் முகங்களில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது.  அனியேக்கான் தலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவி வரிசையாக வைத்தான். "இனிமே கழுத்துல ரெண்டு கம்பி விடணும்" என்றான்.

ஊத்திபேயை வேறு ஊர்க் கல்லூரிக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்று அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. தனியாக வந்து சிலை கேட்கிறவர்களிடம் உன்வானா, வீட்டில் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். சிலருக்குக் கோபம் வருகிறது.

இமோ கொஞ்ச காலம் போர்ட் ஹார்கோர்ட் பக்கம் போயிருந்தான். இப்போது திரும்பி வந்துவிட்டான். மணல் வியாபாரம் நன்றாக நடக்கிறது. தேவாலயத்தில் அவனுக்குப் பழைய இடம் கிடைத்துவிட்டது. சந்தை நாட்களில் அவனுடைய வெள்ளை வண்டி ஆபா சாலையில் வரும். கொட்டகைக்கு எதிரில் வந்ததும் வேகம் குறையும். கண்ணாடி இறங்கும்.

"நல்லா இருக்கீங்களா மா?"

"இருக்கேன் எத்தே."

"எத்தே அனியேக்கான் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

அவன் தொப்பியைக் கொஞ்சம் தூக்குவான். சாலையோரம் நிற்கிற சிமெண்ட் மனிதர்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிதானமாகப் பார்ப்பான். எங்கே காலி இடம் இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. பிறகு கண்ணாடி ஏறும். வண்டி போகும். உன்வானா கரணையில் சாந்தை அள்ளி, செய்துகொண்டிருந்த போக்குவரத்துப் போலீஸ்காரரின் தோள்பட்டையை மறுபடி தட்டி ஒட்டத் தொடங்குவாள். அடுத்த சந்தை நாள் வரை அந்தச் சாலையில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் அவள் கை ஒரு நொடி நின்றுதான் போகும்.